குறட்டையும் மூச்சும்



தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். ஒரு வீட்டில் ஒருவர் குறட்டை விட்டால், நான்காவது வீட்டுக்காரர் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் வந்து கேலி பேசுவார். “நேற்று ராத்திரி உன் வீட்டில் லாரி ஓடியதே, சாமான் ஏதும் வந்து இறங்கியதா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். குறட்டை விட்டவரும் சேர்ந்து சிரிப்பார். அவருடைய மனைவி மட்டும் சிரிக்கமாட்டார். குறட்டைக்கு நடுவே வரும் அமைதியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சத்தம் சட்டென்று நிற்கும், மூச்சும் நிற்கும். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து கணவரின் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு திணறல், ஒரு பெருமூச்சு, மறுபடியும் குறட்டை.

அந்த மனிதர் பகலில் எப்படி இருப்பார்? பால்வெட்டுக்குப் போன இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்தவர் அப்படியே கண்ணயர்வார். மண்டோர் வந்து பார்த்துவிட்டு, “சோம்பேறி” என்று பெயர் வைப்பார். அந்தப் பெயர் சாகும்வரை போகாது. அப்படிப் பெயர் வாங்கியவர்களுள் சோம்பேறிகளும் இருந்திருக்கலாம், நோயாளிகளும் இருந்திருப்பார்கள். இரவில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் இந்த நோயை உலகம் எப்படி அறிந்துகொண்டது, அதற்கு என்னென்ன சிகிச்சைகள் வந்தன என்ற வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் நோய் இன்னதென்று பார்ப்போம். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை வாயில் வைத்துப் பலமாக உறிஞ்சிப் பாருங்கள். குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்று வராது. நம் தொண்டையும் அப்படிப்பட்ட குழாய்தான். விழித்திருக்கும்போது தசைகள் அதை விறைப்பாகத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது தசை தளர்கிறது. நாக்கு பின்னால் சரிகிறது. சிலருக்கு வழி குறுகிக் குறட்டையாகிறது. வேறு சிலருக்கு வழி முழுவதும் அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் மருத்துவர்கள் அதை ஒரு தடையாக எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் குறைவானால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி உடலை எழுப்புகிறது. தூங்கியவருக்கு அது நினைவிருப்பதில்லை. ஆனால் காலையில் தலைவலி, நாள் முழுவதும் தூக்கம், நாளடைவில் இரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு என்று உடல் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது.

இந்த நோயாளியின் உருவத்தை முதலில் நன்றாகத் தீட்டியவர் ஒரு கதாசிரியர். 1836, 37ஆம் ஆண்டுகளில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்ற நாவலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருவான். நின்றால் தூங்குவான், கதவைத் தட்டிக்கொண்டே தூங்குவான். ஊரார் படித்துச் சிரித்தார்கள். 120 ஆண்டுகள் கழித்து, 1956இல், அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் பருத்த உடம்புள்ள வியாபாரி. சீட்டாட்டத்தில் மூன்று ஆஸும் இரண்டு ராஜாவும் கையில் இருந்தும், ஆடாமல் தூங்கிவிட்டார்! கைக்கு வந்த பணம் போனபிறகுதான் அவருக்குத் தம் உடம்பில் ஏதோ குறை என்று தோன்றிற்றாம். அந்த நோய்க்கு மருத்துவர்கள் நாவலின் பெயரையே சூட்டினார்கள். ஆனால் காரணம் தொண்டையில் இருக்கிறது என்று அப்போதும் கண்டுகொள்ளவில்லை.

1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுவினர், இத்தகையவர்களைத் தூங்கவைத்து இரவெல்லாம் கருவிகளால் மூச்சை அளந்தார்கள். மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதும், தொண்டை அடைபடுவதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கில்லமினோ என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். பருத்தவர்களுக்கு மட்டுமல்ல, மெலிந்தவர்களுக்கும் இது வரும் என்பதும் தெளிவாயிற்று.

சரி, சிகிச்சை என்ன? முதலில் வந்தது பயங்கரமானது. 1969இல் ஜெர்மானிய மருத்துவர்கள் கழுத்தின் முன்புறம் துளையிட்டு, மூச்சுக் குழாயில் ஒரு குழலைச் செருகினார்கள். அடைபடும் தொண்டையைச் சுற்றிக்கொண்டு காற்று நேரே நுரையீரலுக்குப் போனது. பலன் வியப்பானது, தூங்கித் தூங்கி விழுந்தவர்கள் தெளிந்து எழுந்தார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் ஓட்டையோடு இருக்க யார் சம்மதிப்பார்கள்?

சம்மதிக்காத ஒருவரால்தான் அடுத்த வழி பிறந்தது. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு நோயாளி, கழுத்தில் துளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் வேறு சோதனை எதற்கும் தயார் என்றார். மருத்துவர் காலின் சல்லிவன், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும்படி மாற்றினார். மூக்குக்கு அச்செடுத்து ஒரு மூடி செய்து, காற்று கசியாதபடி பசைபோட்டு ஒட்டினார். மெல்லிய காற்றழுத்தம் தொண்டையை உள்ளிருந்து விரித்துப் பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் இரவு முழுவதும் அமைதியாகத் தூங்கினார். 1981இல் ஐந்து நோயாளிகளைப் பற்றிய சல்லிவனின் கட்டுரை ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ‘சிபேப்’ என்று இன்று சொல்லப்படும் காற்று முகமூடிக் கருவி பிறந்த கதை இதுதான். நடுத்தரமான, கடுமையான நோய்க்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுவே.

நமக்கும் 1981 மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டு ஜூலை முதல் நாள்தான் சாங்கி விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. விமான நிலையத்துக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. சாமான் ஏற்றுபவர், துப்புரவு செய்பவர், வண்டி ஓட்டுபவர் என்று முறை வைத்து வேலை செய்கிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. தோட்டத்தில் தூங்கினால் கெட்ட பெயரோடு போயிற்று. ஓடுகிற வண்டியில் தூங்கினால் உயிரே போகும். இந்த நோய்க்குச் சிகிச்சை பெறாத ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

சாங்கிக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையின் மருத்துவமனை ஒன்று சாங்கிக் கடலோரம் குன்றின்மேல் இருந்தது. 1976இல் அது பொதுமக்களுக்கான சாங்கி மருத்துவமனை ஆயிற்று. 1997இல் அங்கிருந்து சிமெய்க்கு இடம் மாறி, சாங்கிப் பொது மருத்துவமனையாக வளர்ந்தது. காலியாகக் கிடந்த பழைய கட்டடத்தைப் பற்றிப் பேய்க் கதைகள் ஏராளம். இரவில் மூச்சு முட்டி விழித்தவரை, ‘அமுக்குவான் பேய் அமுக்கிற்று’ என்று சொல்லி வேப்பிலை அடித்தவர்கள்தாமே நாம்! புதிய மருத்துவமனையிலோ, அப்படி மூச்சு முட்டுகிறவரை ஓர் இரவு படுக்கவைத்துத் தலையிலும் மார்பிலும் விரலிலும் கம்பிகளைப் பொருத்தி, மூச்சு எத்தனை முறை நின்றது என்று எண்ணிச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் இந்த நோய் எத்தனை பேருக்கு? சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் புவனேந்திரன் ஒரு துணையாசிரியரோடு 1999இல் வெளியிட்ட ஆய்வு, மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குறட்டை விடுகிறார் என்றும், 15 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. அப்படியானால் பத்து வீடுள்ள ஒரு லயத்தில் இரண்டு, மூன்று பேருக்காவது இது இருக்கக்கூடும்.

காற்று முகமூடி நல்லதுதான். ஆனால் எல்லாராலும் அதைப் பொறுக்க முடிவதில்லை. மூக்கு வறள்கிறது, மூடி அழுத்துகிறது, பக்கத்தில் படுத்தவருக்குச் சத்தம் தொல்லை என்று கழற்றி வைப்பவர் பலர். இந்த மறுப்பிலிருந்துதான் பல் மருத்துவர்களின் வழி வளர்ந்தது. அதற்கு வேர் பழையது. சிறிய கீழ்த்தாடையோடு பிறந்து, நாக்கு பின்னால் விழுந்து திணறிய குழந்தைகளைக் கவனித்த பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ரோபன், கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்தால் மூச்சு வழி திறக்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலேயே உணர்ந்தார். 1982இல் சிகாகோ நகரில் ரோசலின்ட் கார்ட்ரைட், சார்லஸ் சாமெல்சன் ஆகிய இருவரும், நாக்கை முன்னால் பிடித்துவைக்கும் ஒரு சாதனத்தைப் பற்றி எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கீழ்த்தாடையை முன்னிழுக்கும் பல் தகடு வந்தது. 1995இல் அமெரிக்கத் தூக்கநோய் வல்லுநர்கள், லேசான நோய்க்கும், முகமூடியை ஏற்க முடியாதவர்களுக்கும் தகட்டைத் தரலாம் என்று நெறி வகுத்தார்கள்.

தகடு எப்படி வேலை செய்கிறது? பல்செட்டுக்கு எடுப்பதுபோலவே மேல், கீழ்ப் பல்வரிசைகளுக்கு அச்செடுப்பார்கள். இரண்டு தகடுகள் செய்து, கீழ்த்தாடை சற்று முன்னே நிற்கும்படி இணைப்பார்கள். பிறகு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக முன்னுக்குத் தள்ளுவார்கள். தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டை திறக்கும். மின்சாரம் வேண்டாம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். முதலில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும். நாளாக ஆகப் பல்வரிசை சற்று நகர்வதும் உண்டு. ஆகவே மருத்துவர் தொடர்ந்து பார்க்கவேண்டும். நோய் கடுமையானால் முகமூடியைப்போல இது தடைகளைக் குறைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: தகடு பிடித்து நிற்க உறுதியான பல் வேண்டும். ஈறு கெட்டு, பல் ஆடி, பாதிப் பல்லை இழந்தவருக்குத் தகடு பொருத்துவது கடினம். வெற்றிலை, புகையிலையால் ஈறு கெட விடாதீர்கள் என்று சொல்வதற்கு இது மேலும் ஒரு காரணம். கடையில் விற்கும் ஆயத்தத் தகட்டை வாங்கி மாட்டிக்கொள்வதும் சரியல்ல. தகடு போட்டபின் மறுபடியும் மூச்சை அளந்து பார்த்தால்தான் நோய் அடங்கியதா, சத்தம் மட்டும் அடங்கியதா என்பது தெரியும்.

அறுவைச் சிகிச்சையும் உண்டு. 1981இலேயே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் புஜிதா என்ற மருத்துவர், அண்ணத்தின் தளர்ந்த சதையைக் குறைக்கும் முறையை வெளியிட்டார். சிலருக்குப் பலன், சிலருக்கு இல்லை. இரு தாடைகளையும் வெட்டி முன்னே நகர்த்திப் பொருத்தும் பெரிய அறுவையும் பின்னர் வந்தது. பலன் அதிகம், ஆறுவதற்கு நாளாகும். நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவிக்கு அமெரிக்க அரசு 2014இல் ஒப்புதல் தந்தது. பருத்தவர்களின் எடையைக் குறைத்து நோயைத் தணிக்கும் ஊசிமருந்து ஒன்றுக்கு 2024 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்தால் பெரும்பாலும் தொண்டைச் சதை வளர்ச்சிதான் காரணம். அதை எடுத்தால் பலருக்குக் குணமாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செலவில்லாத வழிகள் சில உண்டு. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது. உடம்பின் எடையைக் குறைப்பது. இரவில் கள்ளோ சாராயமோ குடிக்காமலிருப்பது. குடி தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை விழுங்காமலிருப்பது. 2006இல் சுவிட்சர்லாந்தில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழலை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு நோய் ஓரளவு தணிந்தது என்றுகூடக் கண்டார்கள். அதற்காக நாளைக்கே நாதசுரம் வாங்கிவிட வேண்டாம். கடுமையான நோய் ஊதலுக்கு அடங்காது.

நேயர்களே, இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனித்தீர்களா? கழுத்துத் துளையை ஒருவர் மறுத்தார், முகமூடி வந்தது. முகமூடியைப் பலர் மறுத்தார்கள், தகடு வளர்ந்தது. ஒரு சிகிச்சை ஒத்துவரவில்லை என்றால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டு மூலையில் கருவியைப் போட்டுவிட்டு, ‘போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்’ என்று பொய் சொன்னால் அடுத்த வழி திறக்காது.

இன்னொன்றையும் கேளுங்கள். இந்த நோயைத் தூங்குகிறவர் அறியமாட்டார். பக்கத்தில் விழித்திருப்பவர்தான் அறிவார். ஆகவே, தாய்மார்களே, உங்கள் கணவரோ பிள்ளையோ குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால், எத்தனை முறை என்று எண்ணி வையுங்கள். பக்கத்திலுள்ள மருந்தகத்துக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ அவரோடு நீங்களும் போய், கண்டதைச் சொல்லுங்கள். “அவர் சோம்பேறி அல்ல, ராத்திரியில் அவருக்கு மூச்சு நிற்கிறது” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருடைய பெயரைக் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும்.