மூலைவிட்டம் காத்த நிலம்

இராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவையில் ஓர் உழவர், தம் வயலின் நான்கு வரப்புகளையும் அளந்துவிட்டால் பரப்பு தெரிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. இவ்வெண்ணத்தின் பிழையைப் பாரதக் கணிதம் படிப்படியாகவே உணர்ந்தது.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர், எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் முறையைத் தோராயமானது என்றே குறித்து, நான்கு பக்கங்களைக் கொண்டு நுட்பமான பரப்பைக் காணும் விதியொன்றையும் தந்தார். ஆனால், எதிர்க்கோணங்கள் கூடி 180 பாகையாகும் வட்ட நாற்கரத்துக்கே அவ்விதி பொருந்தும். அவ்வரம்பு விதியில் கூறப்படவில்லை. 1150-இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர், மூலைவிட்டத்தைக் குறிக்காமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பேய் என்றும், விடை கூறுபவனை அவனினும் பெரிய பேய் என்றும் கடிந்தார்.

கடிந்ததற்குக் காரணம் உண்டு. பக்கம் 10 கோலுள்ள சதுரத்தின் பரப்பு 100 சதுரக்கோல். பக்கங்களை மாற்றாமல் ஒரு கோணம் 30 பாகையாகும்படி சாய்த்தால், பரப்பு 50 ஆகச் சுருங்கும். தோராய முறையோ அப்போதும் 100 என்றே சொல்லும். அதன்படி வரி விதித்தால், உழவன் இல்லாத நிலத்துக்கும் வரி செலுத்த நேரும்.

மூலைவிட்டம் ஒன்றை அளந்ததும் நாற்கரம் இரு முக்கோணங்களாகிறது. பக்கங்கள் மாறாதவரை முக்கோணம் சாயாது. சென்னை மாகாண நில அளவை இவ்வுண்மையைக் கைக்கொண்டது. மூலைவிட்டத்தை அளந்து, அதிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்துத் தொலைவுகளைக் குறிக்கும் முறையில் புலப்படங்கள் வரையப்பட்டன.

எல்லை வழக்கு எழும்போது வரப்பை மீட்டுத் தருவது, வயலில் எங்கும் கண்ணுக்குப் புலப்படாத அக்குறுக்குக் கோடே.