பிரேமானந்தா வழக்கும் டி.என்.ஏ. சான்றும்

திருச்சிராப்பள்ளியை அடுத்து, புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் இருக்கும் பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திவந்த பிரேமானந்தா மீதான குற்றவழக்கு பிரேமானந்தா வழக்கு எனப்படும். 1994இல் கைதுகள் நடந்தன. 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் டி.என்.ஏ. ஆய்வு குற்றவியல் நீதிமன்றத்தில் கடுமையான குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்ற தொடக்ககால வழக்குகளில் இது முக்கியமானது.

பிரேமானந்தா இலங்கையின் மாத்தளையைச் சேர்ந்தவர். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழகம் வந்தார். போரில் ஆதரவற்றுப்போன சிறுமிகளும் அவரது ஆசிரமத்தில் வளர்ந்தனர். புகலிடம் தேடி வந்த அந்தப் பிள்ளைகளே பாலியல் வன்முறைக்கு ஆளாயினர் என்பதை எந்தச் சட்டக் குறிப்பும் மறக்கலாகாது. வெளியே தப்பி வந்தவர்களின் துணிவால்தான் வழக்கு பிறந்தது. டி.என்.ஏ. ஆய்வு அவர்களுடைய வாக்குமூலத்துக்கு வலுச்சேர்த்தது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

ஆசிரமத்தில் கருவுற்ற ஒரு பெண்ணின் கருக்கலைப்பில் கிடைத்த திசுவும், பிரேமானந்தாவின் இரத்த மாதிரியும் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஒப்பிடப்பட்டன. அவரே தந்தை என்பது ஆய்வின் முடிவு. எதிர்த்தரப்பு பிரிட்டனிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து அதை மறுத்தது. நீதிபதி ஆர்.பானுமதி அந்த மறுப்பை ஏற்கவில்லை. பாலியல் வன்கொடுமைக்கும் ஒரு கொலைக்குமாகப் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உச்ச நீதிமன்றம் 2005இல் இதை உறுதிசெய்தது. பிரேமானந்தா 2011இல் இறந்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான பானுமதி, 2017இல் டெல்லி நிர்பயா வழக்கைத் தீர்த்த அமர்விலும் இருந்தார். அங்கும் டி.என்.ஏ. சான்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐதராபாத் மையத்தில் இந்தத் துறையை வளர்த்தவர் லால்ஜி சிங். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டறிந்தார். மஞ்சள் வரிக் கட்டுவிரியன் பாம்பின் டி.என்.ஏ.வை ஆராய்ந்துவந்த லால்ஜி சிங், அதிலிருந்து கிடைத்த ஒரு துண்டைக் கொண்டே இந்தியாவுக்கான முறையை உருவாக்கினார். கேரளத்தின் தலைச்சேரியில் ஒரு தந்தைமை வழக்கில் 1989இல் அது நீதிமன்றம் ஏறியது. 1991 ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் சிதறிய உடல்களை அடையாளம் காணவும் பயன்பட்டது.

மனிதரை அடையாளம் காட்டும் இந்தக் கலையின் கருவிகள் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் தந்தவை. டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் வெட்டும் நொதிகள், தம்மைத் தாக்கும் வைரஸ்களை வெட்டியெறிய பாக்டீரியாக்கள் வைத்திருப்பவை. டி.என்.ஏ. எப்படிப் பிரதியாகிறது என்ற அறிவும் அங்கிருந்தே வந்தது. ஆர்தர் கோர்ன்பெர்க் 1950களில் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து பிரதியெடுக்கும் நொதியான பாலிமரேஸைப் பிரித்து, 1959இல் நோபல் பரிசு பெற்றார். ஏறத்தாழ 46 லட்சம் எழுத்திணைகள் கொண்ட தன் மரபுத்தொகுதியை ஈ.கோலை சுமார் 40 நிமிடங்களில் பிரதியெடுத்துவிடும். பிரதியாக்கம் நகரும் ஒவ்வொரு முனையிலும் நொடிக்கு ஏறக்குறைய 1,000 எழுத்துகள். எழுதும்போதே பிழை பார்த்துத் திருத்தவும் செய்யும்.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைத் தாமஸ் பிராக் 1960களில் கண்டறிந்தார். அதன் பாலிமரேஸ் கொதிநிலையை நெருங்கும் வெப்பத்திலும் சிதையாது. டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்க கேரி முல்லிஸ் 1983இல் எண்ணிய பிசிஆர் முறைக்கு இந்த நொதியே உயிர். சுற்றுக்குச் சுற்று டி.என்.ஏ. இரட்டிப்பதால், 28 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு கொள்கையளவில் 26 கோடிக்கும் மேலாகப் பெருகும். ஒரு துளி இரத்தக் கறை போதும் என்று தடயவியலாளர் சொல்வது இதனால்தான். ஆனால் நொதிக்கு ஆள் வேறுபாடு தெரியாது. மாதிரியைக் கையுறையின்றித் தொட்டவரின் தோல்செல்லையும் அதே விசுவாசத்தோடு பிரதியெடுக்கும்.

நுண்ணுயிர்கள் தடயத்தை அழிக்கவும் செய்கின்றன. ஸ்ரீரங்கம் தீவைச் சூழ்ந்தோடும் காவிரி, கொள்ளிடம் போன்ற ஆறுகளில் நாள்பட ஊறிய உடலில் பாக்டீரியாக்கள் பெருகி மனித டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். மென்திசு பயன்படாமல் போகும். அதனால்தான் பிரேதப் பரிசோதனையில் கடைவாய்ப் பல்லையும் தொடை எலும்பையும் எடுத்து வைக்கிறார்கள். கடினத் திசுவுக்குள் டி.என்.ஏ. நெடுநாள் தங்கும். பாக்டீரியா டி.என்.ஏ. எவ்வளவு கலந்திருந்தாலும், பிசிஆரில் பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான தொடக்கிகள் மனித வரிசைக்கென அமைந்தவை என்பதால், பெரும்பாலும் அதில் ஒட்டுவதில்லை.

   

சட்டம் அறிவியலுக்குப் பின்னால்தான் வந்தது. பிரேமானந்தா வழக்கின்போது, நிபுணர் கருத்தை ஏற்ற அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவே முக்கிய ஆதாரம். பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் டி.என்.ஏ. மாதிரி எடுப்பதைச் சொன்ன 53ஏ பிரிவு, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. டி.என்.ஏ. ஆய்வுக்கெனத் தனிச்சட்டம் கொண்டுவரும் 2019ஆம் ஆண்டு மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆய்வகத்தின் திறமையைவிட, மாதிரி அங்கு போய்ச்சேரும் வழியே இப்போது பெரிய கேள்வி. தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. மாதிரிகள் யார் கையில், எவ்வளவு காலம் இருந்தன என்பது விளக்கப்படாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதிரியை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் விதி வகுத்தது.