மரபணுவில் பெற்றோரின் முத்திரை: ஓர் ஆய்வு வரலாறு

கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கட்டுரையில் எளிதில் கண்ணில் படாத முடிவு ஒன்று உண்டு. நெட்டைச் செடியின் மகரந்தத்தைக் குட்டைச் செடிக்கு இட்டாலும், குட்டையின் மகரந்தத்தை நெட்டைக்கு இட்டாலும் கலப்பினம் ஒரே மாதிரியே அமைந்தது. பண்பு தாய் வழியே வந்ததா, தந்தை வழியே வந்ததா என்பது பொருட்டல்ல. இருபதாம் நூற்றாண்டு மரபியல் எழுந்தது இந்த அடித்தளத்தின் மேல்தான். இதற்கு ஒவ்வாத சான்றுகள் ஈயிலும் மாவுப்பூச்சியிலும் மக்காச்சோளத்திலும் சுண்டெலியிலும் அடுத்தடுத்துக் கிடைத்தன. ஆனாலும் அவற்றைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள உயிரியலாளர்களுக்கு 1984 வரை ஆயிற்று. தாமதத்துக்குக் கருவிக் குறை மட்டும் காரணமல்ல. ஒரு துறையார் கண்டதை மறு துறையார் விதிவிலக்கு என்று ஒதுக்கி வைத்ததே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஈரமண்ணிலும் காளானிலும் புழுவாக வளரும் சியாரா என்ற சிறு ஈயை 1920களிலிருந்து ஆராய்ந்தவர் சார்லஸ் மெட்ஸ். இதன் ஆண், விந்தணு உண்டாக்கும்போது தந்தையிடம் பெற்ற குரோமோசோம்களைக் கழித்துவிடுகிறது. தாய் தந்தவை மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. கருவிலும் இதே பாரபட்சம்தான். மூன்று எக்ஸ் குரோமோசோம்களுடன் தொடங்கும் கருவின் உடல் செல்களில் நீக்கப்படுவது எப்போதும் தந்தைவழி எக்ஸ்: பெண்ணாகும் கருவில் ஒன்று, ஆணாகும் கருவில் இரண்டு.

இதற்குப் பொருள் கண்டவர் ஹெலன் குரூஸ். 1960இல் வெளியான அவருடைய கட்டுரை குரோமோசோம் ஒரு முத்திரையைத் தாங்குகிறது என்றது. அதிலுள்ள மரபணுக்கள் எவை என்பதற்கும் முத்திரைக்கும் தொடர்பில்லை. கடைசியாக ஆணின் வழியே வந்ததா, பெண்ணின் வழியே வந்ததா என்பதே கணக்கு. தாயிடமிருந்து மகனுக்கு வந்த குரோமோசோம் அவனிடத்தில் தாய்வழி. அதுவே அவன் விந்தணு வழியாக அவன் பிள்ளைக்குப் போனால் தந்தைவழி ஆகி, கழித்தலுக்கு இலக்காகிறது. முத்திரை நிலையானதல்ல, தலைமுறைதோறும் அழித்து எழுதப்படுவது. பின்னாளில் மரபணு முத்திரை பற்றிச் சொல்லப்பட்ட எல்லாவற்றுக்கும் வித்து இந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் பேசப்பட்டது ஓர் ஈயைப் பற்றி. மருத்துவ உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்பென்சர் பிரவுனும் வால்டர் நெல்சன்-ரீஸும் மாவுப்பூச்சியில் செய்த சோதனை முடிவுகள் வெளிவந்தன. ஆண் பூச்சிகள்மீது கடுமையான கதிர்வீச்சைப் பாய்ச்சி, பின் இணைசேர விட்டார்கள். மகள்கள் செத்தன, மகன்கள் பிழைத்தன. மகனின் உடலில் தந்தைவழிக் குரோமோசோம்கள் கருப்பருவத்திலேயே சுருண்டு செயலற்றுப் போவதால், அவற்றில் ஏற்பட்ட சேதம் மகனைத் தொடவில்லை. பிரவுனுடன் பணியாற்றிய எச். சரத் சந்திரா பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரானார். 1975இல் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, பூச்சியில் கண்ட முத்திரைக் கருத்தைப் பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோமுக்கு விரித்தது. இந்தத் துறையின் வரலாற்றை எழுதும் மேலைநாட்டினர் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது சரியல்ல.

இதற்கிடையே விஸ்கான்சினில் ஜெரி கெர்மிக்கிள் மக்காச்சோள மணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர் என்ற நிற மரபணு தாய்ச்செடி வழி வந்தால் மணி முழுக்க நிறம் ஏறும். மகரந்தத்தின் வழி வந்தால் திட்டுத் திட்டாக ஏறும். மணிக்குள் இருக்கும் கருவூண் திசுவில் தாய்வழிப் படிகள் இரண்டு, தந்தைவழிப் படி ஒன்று. ஆகவே அளவு வேறுபாடுதான் காரணம் என்று எவரும் சொல்லிவிடலாம். கெர்மிக்கிள் தந்தைவழிப் படிகளையும் இரண்டாக்கிப் பார்த்தார். அப்போதும் திட்டுகள் மாறவில்லை. தனியொரு மரபணுவுக்கு முத்திரை உண்டு என்று நிறுவிய 1970ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரையைச் செடி ஆய்வாளர்களுக்கு அப்பால் படித்தவர்கள் குறைவு.

மருத்துவமனைகளிலும் சான்று இருந்தது. நம் ஊரில் முத்துப்பிள்ளை என்று சொல்லப்படும் கர்ப்பத்தில் குழந்தை உருவாகாது. நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்தாகப் பெருகும். முழுமையான முத்துப்பிள்ளையில் குரோமோசோம்கள் அனைத்தும் தந்தையுடையவை என்று ஜப்பானில் கஜியும் ஒஹாமாவும் 1977இல் காட்டினார்கள். சூலகத்தில் பல்லும் முடியுமாக வளரும் ஒருவகைக் கட்டி அதற்கு நேர்மாறு. அங்கே எல்லாமே தாய்வழி. எண்ணிக்கை இரண்டிலும் சரியாக 46. ஆனால் இரண்டும் குழந்தை ஆவதில்லை. 1974இல் டி. ஆர். ஜான்சன் விவரித்த வால் முறுக்கிய சுண்டெலியும் இந்த வரிசையில் சேர்வது. அந்தக் குறையைத் தந்தை வழி பெற்ற குட்டி குட்டைவாலுடன் உயிர் வாழ்ந்தது. தாய் வழி பெற்றது கருவிலேயே இறந்தது.

இதற்கு நேர் எதிராக, ஒரே பெற்றோரின் மரபுப்பொருளை மட்டும் கொண்ட சுண்டெலிகளைப் பிறப்பித்துவிட்டதாக 1977இல் ஹோப்பும் இல்மென்சீயும் அறிவித்திருந்தார்கள். மற்ற ஆய்வகங்களில் அது கைகூடவில்லை. 1984இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழுவும், பிலடெல்பியா விஸ்டார் நிறுவனத்தில் ஜேம்ஸ் மெக்ராத், டாவோர் சோல்ட்டர் இருவரும் தனித்தனியே இதற்கு முடிவு கட்டினார்கள். கருவுற்ற முட்டைக்குள் தாயின் உட்கருவும் தந்தையின் உட்கருவும் கலக்குமுன் சற்று நேரம் தனித்தனியே நிற்கும். நுண்ணிய கண்ணாடி ஊசியால் ஒன்றை எடுத்து, வேறொரு முட்டையிலிருந்து இன்னொன்றை வைத்தார்கள். மெக்ராத்-சோல்ட்டர் கணக்கில் இரு தாய் உட்கரு வைத்த 339 முட்டைகளிலிருந்து ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. இரு தந்தை உட்கரு வைத்த 328இலும் இல்லை. ஆளுக்கொன்றாக வைத்த 348இலிருந்து 18 பிறந்தன. சுரானி குழு கண்டது இன்னும் நுட்பமானது: இரு தாய்க் கருவில் உடல் ஓரளவு வளர்ந்து நஞ்சுக்கொடித் திசு குன்றியது, இரு தந்தைக் கருவில் நஞ்சுக்கொடித் திசு செழித்து உடல் குன்றியது.

எந்த மரபணுக்கள் என்ற கேள்விக்கு 1991இல் விடை வந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஐ.ஜி.எஃப்.2, வியன்னாவில் டெனிஸ் பார்லோவின் குழுவிடம் ஐ.ஜி.எஃப்.2ஆர், பிரின்ஸ்டனில் எச்19 என மூன்று மரபணுக்கள் ஒரே ஆண்டில் வெளிப்பட்டன. வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 தந்தைவழிப் படியில் மட்டும் இயங்குகிறது. அது கெட்டால் குட்டியின் எடை இயல்பில் சுமார் 60 விழுக்காடுதான். அந்தத் தூண்டியைப் பிடித்து அழிக்கும் ஐ.ஜி.எஃப்.2ஆர் தாய்வழிப் படியில் மட்டும் இயங்குகிறது. முறுக்குவால் எலியில் காணாமல் போயிருந்த துண்டுக்குள்தான் அது இருந்தது.

ஏன் இப்படி என்பதற்கு விளக்கம் வந்தது விதையிலிருந்து. சிட்னி மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்து, பின்னர் ஹார்வர்டில் உயிரியல் பேராசிரியரான டேவிட் ஹேக், மார்க் வெஸ்டோபியுடன் 1989இல் கருவூண் திசு பற்றி எழுதினார். ஒரு தாய்க்கு வெவ்வேறு தந்தையரால் பிள்ளைகள் பிறக்கக்கூடும். தாய்வழி மரபணு அடுத்த பிள்ளைகளிலும் இருக்க வாய்ப்புண்டு. தந்தைவழி மரபணுவுக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே தந்தைவழிப் படி தாயிடமிருந்து கூடுதலாக உறிஞ்சவும், தாய்வழிப் படி அதைக் கட்டுப்படுத்தவும் முனையும். ஐ.ஜி.எஃப்.2இன் முத்திரை தெரியவருமுன்பே எழுதப்பட்ட தர்க்கம் இது. வளர்ச்சி மரபணுக்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மூளையில் இயங்கும் மரபணுக்களுக்கு அதே விளக்கத்தை நீட்டும்போது வாதம் மெலிகிறது என்பதே என் கருத்து.

முத்திரையின் வேதியியலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டி.என்.ஏ.மீது ஏறும் மெத்தில் குறிகளே அது. அவற்றைப் பேணும் நொதியை முடக்கினால் முத்திரை குலைகிறது என்று 1993இல் லீ, பியர்ட், யேனிஷ் மூவரும் காட்டினார்கள். 2004இல் டோக்கியோவில் டொமோஹிரோ கோனோ, முத்திரை இன்னும் எழுதப்படாத இளம் முட்டையையும் எச்19 பகுதி நீக்கிய மரபுப்பொருளையும் கையாண்டு, தந்தையே இல்லாத ககுயா என்ற எலியை வளர்த்து ஆளாக்கினார்.

இத்தகைய குறிகளை ஆராயும் எபிஜெனெடிக்ஸ் என்றாலே பாட்டி பட்ட துன்பம் பேத்தியின் மரபணுவில் எழுதப்படுகிறது என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நெதர்லாந்தின் 1944-45 பஞ்சத்தின்போது கருவாக உருவானவர்களிடம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஐ.ஜி.எஃப்.2இன் மெத்தில் அளவு குறைந்திருந்ததை 2008இல் ஓர் ஆய்வு கண்டது. அது பஞ்சத்தைத் தாமே அனுபவித்த உடல்களின் சான்று, மரபுவழிச் சான்றல்ல. முத்திரைகளோ இனப்பெருக்கச் செல்களில் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுபவை. குரூஸ் சொன்னதும் அதுதான்.

இந்த வரலாற்றின் நேரடிப் பயன் குழந்தை மருத்துவத்தில் இருக்கிறது. 15ஆம் குரோமோசோமின் ஒரே பகுதி தந்தைவழிப் படியில் இழக்கப்பட்டால் பிராடர்-வில்லி நோய். தாய்வழிப் படியில் இழக்கப்பட்டால் முற்றிலும் வேறான ஏஞ்சல்மன் நோய். துண்டு இழப்பே இல்லாமல் இரு படிகளும் தாயிடமிருந்தே வந்துவிட்டாலும் பிராடர்-வில்லி வரும் என்று 1989இல் நிக்கல்ஸ் குழு காட்டியது. பிறந்த குழந்தை துவண்டு கிடந்து பால் உறிஞ்சத் திணறும்போது, துண்டு இழப்பை மட்டும் தேடும் சோதனை பிராடர்-வில்லிக் குழந்தைகளில் பத்துக்குச் சுமார் மூன்று பேரைத் தவறவிடும். மெத்தில் குறிகளைப் பார்க்கும் சோதனை 99 விழுக்காட்டுக்கு மேல் கண்டுபிடித்துவிடும். குழந்தை மருத்துவர்கள் முதலில் எழுதிக்கொடுக்க வேண்டியது இரண்டாவது சோதனையைத்தான்.