உடல்நலத் தன்மதிப்பீடு

மக்கள் தத்தம் உடல்நிலையை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு அறியும் முறை. "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?" என்பது கேள்வி. நன்று, சுமார், மோசம் என்பன போன்ற நான்கைந்து விடைகளுள் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். மருத்துவரும் வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். செலவு இவ்வளவு குறைவு என்பதால்தான் பல நாடுகளின் தேசியக் கணக்கெடுப்புகளில் இக்கேள்வி எளிதாக நுழைந்தது. நிலைத்து நின்றதற்குக் காரணம் வேறு. அந்த ஒற்றை விடை, சொன்னவர் இன்னும் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதையும் ஓரளவு காட்டிவிடுகிறது.

தொடக்கத்தில் மருத்துவ உலகம் இதைப் பெரிதாக நம்பவில்லை. 1950-களில் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் முதியோரின் வாய்மொழியை மருத்துவர்களின் கணிப்போடு ஒப்பிட்டபோது, இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் தவறு முதியோருடையது என்பதே அன்றைய பொது எண்ணம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவின் தேசிய உடல்நல நேர்காணல் கணக்கெடுப்பு 1957-இல் தொடங்கியது. அதில் இக்கேள்வி 1972 முதல் கேட்கப்படுகிறது. 1982-இல் நான்கு விடைகள் ஐந்தாக்கப்பட்டன.

திருப்பம் கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நேர்ந்தது. அங்கு 1971-இல், 65 வயதைக் கடந்து வீடுகளில் வாழ்ந்துவந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், தம் வயதுக்கு உடல்நலம் எப்படி என்று கேட்டிருந்தனர். அதே மக்கள் மருத்துவமனைக்கும் மருத்துவரிடமும் சென்ற விவரங்கள் மாகாணத்தின் பொது மருத்துவக் காப்பீட்டுப் பதிவேடுகளில் இருந்தன. ஜானா மோசி, ஈவ்லின் ஷபிரோ என்னும் ஆய்வாளர்கள் இரண்டையும் இணைத்து, 1977 வரை யார் யார் இறந்தனர் என்று பார்த்தார்கள். தம் நலம் மோசம் என்றவர்கள் முதல் சில ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, மிக நன்று என்றவர்களைவிட 2.92 மடங்கு; அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் 2.77 மடங்கு. வயது, பாலினம், வருமானம், பதிவேட்டில் இருந்த நோய்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. பதிவேடு "நோயாளி" என்று காட்டியதைவிட, ஒருவர் தம் வாயால் "மோசம்" என்றதே மரணத்தை அதிகம் முன்னறிவித்தது. 1982-இல் வெளியான இந்தக் கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம். முதியவர்களின் சொல்லுக்கு மதிப்புத் தேடித் தந்த வேலை என்ற அளவிலும் அது பெரியது.

அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் அலமேடா வட்டாரத்தில், இளையோரும் அடங்கிய மக்கள்தொகையில், ஒன்பது ஆண்டுத் தொடர்ச்சியில் இதே முடிவு கிடைத்தது. 1997-இல் எலன் ஐட்லரும் யேல் பென்யமினியும் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பெரும்பாலானவை ஒரே திசையைக் காட்டின. 2006-இல் வெளியான தொகுப்பாய்வு, மோசம் என்போரின் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது.

ஒரு சொல்லுக்கு இந்த வலிமை எங்கிருந்து வருகிறது? பின்லாந்தின் மார்யா யில்ஹா 2009-இல் தந்த விளக்கம் இன்றும் ஏற்கப்படுகிறது. கேள்வியைக் கேட்டதும் மனிதர் தம்மிடம் உள்ள நோய்களை மட்டும் எண்ணுவதில்லை. உடல் தரும் சோர்வு, வலி, மூச்சிரைப்பு, சென்ற ஆண்டு ஏறிய படி இந்த ஆண்டு ஏற முடியாமை, தாய் தந்தையருக்கு வந்த நோய், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். இவற்றுள் பல எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் ஏறுவதில்லை. ஆனால் தம்மை யாரோடு ஒப்பிடுகிறார், எதை இயல்பு என்று கருதுகிறார் என்பதும் அந்தக் கணிப்பில் கலந்துவிடுகிறது.

பிரிட்டனில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முதலாக ஒவ்வொருவரின் பொது உடல்நலத்தையும் கேட்டது. அப்போது மூன்று விடைகள், 2011-இல் ஐந்து. அதனால் இரு ஆண்டுகளின் எண்களை நேராக ஒப்பிட இயலாது. நலத்தோடு வாழும் ஆயுள் எத்தனை ஆண்டு என்று அந்நாடு கணிப்பதும் இத்தகைய விடைகளைக் கொண்டே. 2015-17 கணக்கில் இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளுக்கும் மிக வளமான பகுதிகளுக்கும் இடையே ஆண்களின் ஆயுளில் இருந்த இடைவெளி 9 ஆண்டுகளுக்குச் சற்று மேல். நலத்தோடு வாழும் ஆயுளில் அது சுமார் 19 ஆண்டுகள். வறுமை வாழ்நாளைக் குறைப்பதற்கு முன்பே உடலைத் தளர்த்திவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண்கள் அரிது.

ஒரு நாட்டுக்குள் இவ்வளவு பயன்படும் கேள்வி, நாடுகளை ஒப்பிடும்போது தடுமாறுகிறது. 2010-களில் அமெரிக்கரில் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானோர் தம் நலம் நன்று என்றனர். உலகிலேயே நீண்ட ஆயுள் கொண்ட மக்களுள் அடங்கும் ஜப்பானியரில் பத்தில் நால்வர்கூட அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்கப் படிவத்தில் நலத்தைக் குறிக்கும் விடைகள் மூன்று, ஐரோப்பியப் படிவத்தில் இரண்டு என்பது போன்ற அமைப்பு வேறுபாடுகள் ஒரு காரணம். தன்னைப் பற்றி அடக்கிச் சொல்லும் பழக்கமும் ஒரு காரணமாகலாம்.

இந்தியச் சான்று இன்னும் கூர்மையானது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944-இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் நோயுற்றிருப்பதாகவோ உடல்நிலை சுமார் என்றோ கூறினர். கணவனை இழந்த பெண்களில் அப்படிக் கூறியவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. அன்றைய கைம்பெண்ணின் வாழ்வை அறிந்த எவரும் இதை நலத்தின் அடையாளமாகக் கொள்ளமாட்டார்கள். குறை சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கவே வழியில்லாதவரின் விடை அது. இந்த ஆய்வை எடுத்துக்காட்டிய பொருளியலாளர் அமர்த்தியா சென், 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கேரளத்தையும் பீகாரையும் ஒப்பிட்டார். ஆயுள் நீண்ட, கல்வியும் மருத்துவ வசதியும் பெருகிய கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்வோர் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு.

இந்தக் குறையைச் சரிசெய்ய 2000-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம், கற்பனை மனிதர் ஒருவரின் உடல்நிலையை விவரித்து அவரையும் மதிப்பிடச் சொல்லும் முறையைப் பல நாடுகளில் கையாண்டது. ஒவ்வொரு சமூகத்தின் அளவுகோலும் எங்கே நிற்கிறது என்பது இதனால் ஓரளவு தெரிந்தது.

இந்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1995-96 சுற்றில் முதியோரிடம் இக்கேள்வியைக் கேட்டது. 2017-18-இல் தொடங்கிய இந்திய முதுமைத் தொடராய்வு 72,000-க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. அதில் உடல்நலம் எப்படி என்ற கேள்வியோடு இரத்த அழுத்தம், கைப்பிடி வலிமை, நுரையீரல் திறன், கண்பார்வை ஆகியவையும் வீட்டிலேயே அளக்கப்பட்டன. தன் நோயை நோய் என்று சொல்லப் பழகாதவர்கள் கோடிக்கணக்கில் வாழும் நாட்டில் இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சரியான முறை.