மனை யார் பெயரில்? ரப்பர் ஏற்றமும் பத்து பகாட் – யோங் பெங் வட்டாரக் குடிப்பெருக்கமும்

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஜொகூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,80,000. 1921இல் அது 2,82,000 ஆயிற்று; 1931இல் 5,05,000. இருபதே ஆண்டுகளில் ஒரு மாநிலம் மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. சீனர் அறுபத்து மூவாயிரத்திலிருந்து இரண்டு லட்சத்துப் பதினையாயிரமாகப் பெருகினர். இந்தியர், பெரும்பாலும் தமிழர், ஐயாயிரத்துச் சொச்சத்திலிருந்து ஐம்பத்தோராயிரம் ஆனார்கள். பிறப்பு இறப்புக் கணக்கால் விளக்கக்கூடிய பெருக்கம் இல்லை இது. கப்பலில் வந்த பெருக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட எண்களைக் கண்ட ஊர்கள் பெரும்பாலும் பொன் கிடைத்த நாடுகளின் துறைமுகங்கள்தாம்.

அந்தத் துறைமுகங்களை வைத்தே ஜொகூரின் மேற்குக் கரையைப் படிக்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. அப்படிப் படிக்கும்போது ஒரு கேள்வி முன்னுக்கு வருகிறது. பொன்னோ ரப்பரோ, அந்த வேட்டை முடிந்த பிறகு ஊரில் நிலைத்தவர் யார், கரைந்துபோனவர் யார்? பொருளின் விலையோ, வந்தவரின் இனத்து இயல்போ இதற்கு விடை தருவதில்லை. வந்தவர் தலைசாய்த்த வீட்டுமனை யார் பெயரில் இருந்தது என்பதே விடை என்று வாதிடுகிறேன்.

1848 ஜனவரி 24ஆம் நாள் கலிபோர்னியாவில் சட்டரின் மர ஆலை வாய்க்காலில் பொன் தென்பட்டபோது சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். ஈராண்டுக்குள் அங்கே இருபத்தையாயிரம் பேர். பொன் கிடைத்த இடமோ அங்கிருந்து வெகு தொலைவில், உள்நாட்டு மலையடிவாரத்தில். ஊர் வளர்ந்தது பொன்னால் என்பதைவிடப் பொன் தேடிப் போனவருக்கு மண்வெட்டியும் மாவும் படுக்கையும் விற்றதால் என்பதே சரி. மாலுமிகள் இறங்கி ஓடிவிட, ஆளற்று நின்ற கப்பல்களைக் கிடங்காகவும் விடுதியாகவும் மாற்றினார்கள். கடலோரத்துச் சேற்றுநிலத்தைக்கூட மனை மனையாக ஏலம் விட்டார்கள். பொன் குறைந்தபோதும் அந்த மனைக்காரர்கள் போகவில்லை. மெல்பர்னிலும் கதை இதேதான், ஒரு கூடுதல் திருப்பத்தோடு. 1851இல் விக்டோரியாவின் மக்கள்தொகை 77,000. 1861இல் 5,40,000 அளவு. மேல்மண் பொன் தீர்ந்ததும் சுரங்கக்காரர்கள் நிலம் கேட்டுக் கிளர்ந்தார்கள். 1860இல் நிலச் சட்டம் வந்தது. அது பாதி ஏமாற்று வேலை என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே சொல்வார்கள். ஆனாலும் வந்தவன் நிலம் கேட்கலாம் என்ற உரிமை அங்கே வாதத்துக்குரிய பொருளாகவாவது இருந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். பத்து பகாட் ஆற்றின் கழிமுகத்தில் பண்டார் பெங்காராம் என்ற நகரை, அதாவது இன்றைய பத்து பகாட் நகரை, 1890களின் முற்பகுதியில் நிறுவியவர் ஜொகூர் அரசின் டத்தோ பெந்தாரா லுவார் முகமது சாலே பின் பேராங். அக்காலத்து ஜொகூரில் உள்நாட்டை ஆண்டது கங்சு முறை. ஓர் ஆற்றங்கரையைச் சீனத் தலைவர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்து, அங்கே கம்பீரும் மிளகும் பயிரிட வைப்பது அதன் சாரம். கம்பீர் மண்ணைச் சில ஆண்டுகளில் உறிஞ்சிவிடும். பயிர் செய்தவர் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவார். ஊர் என்று எதுவும் நிலைக்க அதில் இடமில்லை. 1917இல் சட்டப்படி அம்முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே ரப்பர் அதை ஒழித்துவிட்டது என்பதுதான் உண்மை.

ரப்பரின் வரவு பலரும் அறிந்ததே: 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகள், 1888 முதல் தாவரத் தோட்டத்தில் ரிட்லி செய்த சோதனைகள், 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் தொடங்கிய நடவு. மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டதும் விலை எகிறியது. 1910 ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஒரு இராத்தல் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை போயிற்று. ஆக்கச் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். தோட்டக் கம்பெனிகள் மளமளவென்று பங்கு வெளியிட்டன. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரயில் ஓடத் தொடங்கியது; சிகாமட், லாபிஸ், குளுவாங் வழியே பெருந்தோட்டங்கள் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு பரவின. மேற்குக் கரையில், மூவாரிலும் பத்து பகாட்டிலும், நிலை வேறு. அங்கே ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்தவர்கள் சதுப்பில் பாரிட் என்னும் வடிகால்களை வெட்டித் தென்னையும் பாக்கும் ரப்பரும் கலந்து நட்டார்கள். சீனச் சிறுதோட்டக்காரர்களும் நட்டார்கள். அந்த ரப்பர் ஆற்றில் இறங்கிப் பண்டார் பெங்காராமுக்கு வந்து, நீராவிப் படகில் சிங்கப்பூர் சேர்ந்தது. கடைவீதி அங்கே தானாக நீண்டது.

பொன்னையும் ரப்பரையும் ஒரே தராசில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பொன் தேடுபவன் இன்று வந்து இன்றே அரிக்கத் தொடங்கலாம். பால்மரமோ நட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகாமல் வெட்டுக்கு வராது. இந்த வேட்டைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க நிலமும், அதுவரை சாப்பிட ஏதாவதும் வேண்டும். ஜாவாக்காரர் வாழையையும் தென்னையையும் வைத்துக் காத்திருந்தார். சீனச் சிறுதோட்டக்காரர் தவுக்கேயின் கடையில் கடன் சொல்லிக் காத்திருந்தார். கம்பெனி பங்குதாரரின் பணத்தில் காத்திருந்தது. தமிழர் அந்தக் காத்திருப்புக்குள் கூலிக்கு அழைத்து வரப்பட்டார்: காடு அழிக்க, பள்ளம் தோண்ட, களை எடுக்க, பிறகு பால் வெட்ட. முதிரப்போகும் சொத்தில் அவருக்குப் பங்கு இல்லை.

அவர் வந்த வழியும் இதற்கு ஏற்பவே அமைந்தது. 1907இல் இந்தியக் குடியேற்றக் குழு தோன்றிய பின், முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று நிதி கட்டினார்கள். அந்த நிதியில் கப்பற்கூலி இலவசமாயிற்று. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட, கங்காணி முறை முழு வீச்சில் வந்தது. கங்காணி உரிமச்சீட்டோடு சொந்த ஊருக்குப் போவார், உறவையும் சாதியையும் தெருவையும் திரட்டுவார், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ முகாமில் நிறுத்திக் கப்பலேற்றுவார். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, தொற்றுத்தடுப்பு முகாமில் நாள் கழித்து, இரயிலேறித் தோட்டம் சேர்ந்தவருக்குத் துறைமுகம் என்பது கடந்துபோன ஓரிடம் மட்டுமே. அவருடைய முகவரி தோட்டத்தின் பெயர். லயம், பெரட்டுக் களம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, மருந்தகம் எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தன. கிராணியும் மண்டோரும் துரையும் அங்கேயே. நகரத்துக்குப் போகத் தேவையே எழாதபடி நகரத்தின் எல்லாக் கடமைகளையும் தோட்டம் தன் கணக்கில் செய்தது. உரிமைகளை மட்டும் விட்டுவிட்டது. மூவார் போன்ற ஊர்களில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்களும், தமிழ் முஸ்லிம் வணிகர்களும் நகர வாழ்வின் தமிழ்ப் பக்கம். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிறிய பகுதி.

யோங் பெங்கின் இடம் இங்கேதான் விளங்குகிறது. பத்து பகாட் மாவட்டத்தின் உட்பகுதியில், மூவார் சாலை தலைமைச் சாலையில் வந்து சேரும் சந்தி அது. இரயில் அதைத் தொடவில்லை. ஹொக்சியூ எனப்படும் பூசோ வழிச் சீனர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே ஊன்றினார்கள். இன்றும் இவ்வூர் அவர்களின் கொம்பியாங் ரொட்டிக்குப் பெயர் பெற்றது. சிறுதோட்டங்களின் ரப்பரை வாங்கிப் பத்து பகாட்டுக்கு அனுப்புவதும், அங்கிருந்து அரிசியும் சீமை எண்ணெயும் வாங்கி விற்பதுமாகச் சந்திக்கடைகள் ஊராயின. துறைமுகம் பெரிய வாசல் என்றால் இது திண்ணை.

இந்த வட்டாரத்தில் உண்மையான கனிம வேட்டை ஒன்றும் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். யோங் பெங்குக்கும் பத்து பகாட்டுக்கும் இடைப்பட்ட ஸ்ரீ மேடானில் ஜப்பானியரான இஷிஹாரா ஹிரோஇச்சிரோ 1920களின் தொடக்கத்தில் இரும்புச் சுரங்கம் திறந்தார். தாது ஆற்றுவழியே இறங்கிக் கப்பலேறி யவாட்டா உருக்காலைக்குப் போயிற்று. பத்து பகாட்டில் ஜப்பானியர் சங்கம் ஒன்று கட்டடத்தோடு இயங்கியது. கவிஞர் கனேகோ மிட்சுஹாரு அங்கே தங்கியதைச் சொல்லும் பயண நூல் 1940இல் வெளிவந்தது. 1937இல் சீனாவில் போர் மூண்டதும் சீனத் தொழிலாளர்கள் சுரங்கத்தை விட்டு வெளியேறினார்கள். வெளியேறினவர்கள் போய்ச்சேரக் கடையும் சிறுதோட்டமும் உறவும் சுற்றுவட்டத்தில் இருந்தன. தோட்டத்துத் தமிழர் வேலையை விட்டால் அதே மாலையில் வீட்டையும் விட வேண்டும். மறுப்புச் சொல்லும் வலிமை கூலியின் அளவிலிருந்து வருவதைவிடப் படுக்கும் இடத்திலிருந்து வருகிறது.

1929க்குப் பிந்தைய வீழ்ச்சியில் இது பட்டவர்த்தனமாயிற்று. 1932இல் ரப்பர் இராத்தல் இரண்டு பென்ஸ் அளவுக்கு விழுந்தது. மலாயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் அரசுச் செலவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறினால் அழைப்பு, இறங்கினால் அனுப்பு. தோட்டக் கணக்கில் மனிதர் சரக்கிருப்பு. சீனரிலும் பலர் திரும்பினார்கள்; சீன ஆண்களின் வருகைக்கு அரசு வரம்பும் விதித்தது. ஆனால் பெண்களுக்கு 1938 வரை அந்த வரம்பு இல்லை. அந்த இடைவெளியில் வந்த பெண்களால் சீனக் குடும்பங்கள் ஊரில் வேர்விட்டன. 1931இல் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தபோது கப்பல் வழி அடைபட்டது. போர்க்காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பெருந்தொகையினர் இந்த லயங்களிலிருந்து போனவர்கள். அந்த இழப்பு தனிக் கட்டுரைக்குரியது.

என் வாதத்துக்கு உரைகல் 1950. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலத்தில், மக்களை மறுகுடியமர்த்தும் பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூன் 1ஆம் நாள் ஜொகூரிலிருந்துதான் தொடங்கியது. யோங் பெங் வட்டாரம் கெரில்லாக்கள் செல்வாக்குப் பெற்ற பகுதி; காட்டோரத்துச் சீனக் குடியிருப்பாளர்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைத்தார்கள். மலாயா முழுதும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இப்படி நகர்த்தப்பட்டார்கள். அதற்கு ஈடான பெருந்தொகையினர், பெரும்பாலும் தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள், இருந்த இடத்திலேயே வேலியிட்டு ஒடுக்கப்பட்டார்கள். இரண்டிலும் முள்வேலி, ஊரடங்கு, அரிசிப் பங்கீடு. கொடுமையில் பெரிய வேறுபாடு சொல்ல முடியாது. ஆனால் புதுக்கிராமத்தில் குடும்பத்துக்கு ஒரு மனை அளந்து கொடுத்தார்கள். முதலில் தற்காலிக அனுமதிச் சீட்டு, பின்னர் பல இடங்களில் குத்தகைப் பட்டா. வேலி எடுக்கப்பட்டபோது மனை மிஞ்சியது. யோங் பெங் நகரமாகத் தடித்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. தோட்டத்தில் வேலி எடுக்கப்பட்டபோது மிஞ்சியது கம்பெனியின் லயம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: சீனருக்கு வணிகப் பழக்கம் இருந்தது, தமிழருக்கு இல்லை, அதனால்தான் நகரம் ஒருவர் கைக்குப் போயிற்று என்று. நம்மவரே மேடையில் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறோம். செட்டிநாட்டையும் கீழக்கரையையும் நாகூரையும் அறிந்தவர் இதை ஏற்கமாட்டார். கோலார் தங்கவயல் இன்னும் நேரான சான்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தொடங்கிய பின் வடஆர்க்காட்டுத் தமிழர்கள் திரண்டு ஒரு நகரத்தையே உருவாக்கினார்கள். அங்கே கிடைத்தது நிஜத் தங்கம். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்கள் குடியிருந்த வீடுகள் கம்பெனிச் சொத்தாகவே இருந்தன. தங்கமானாலும் ரப்பரானாலும் கம்பெனி மனையில் வாழ்ந்தவருக்கு ஒரே முடிவுதான்.

மலாயாவில் இதை முன்பே உணர்ந்தவர் ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய வேளையில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய சிறு தொகைகளைக் கொண்டு தோட்டம் வாங்கச் செய்தார். முதலில் வாங்கியது கெடாவில். விக்டோரியாவின் சுரங்கக்காரர்கள் நாடாளுமன்ற வாசலில் கேட்டதைத் தமிழ்த் தொழிலாளர் தம் கூலியிலிருந்து விலைகொடுத்துக் கேட்டார்கள். முயற்சி பெரியது, ஆனால் துண்டாடலின் வேகம் அதைவிடப் பெரியது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி தேட வேண்டியதாகி, ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் இந்தியா திரும்பினார்கள். ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. லயங்கள் காலியாயின. பத்து பகாட்டுக்கும் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் போனவர்கள் வாடகை வீட்டிலும் புறம்போக்குக் குடிசையிலும் நகர வாழ்வைத் தொடங்கினார்கள். நகரம் உருவாகி அரை நூற்றாண்டு கழிந்த பின்பு, விலை ஏறிய மனைகளின் நடுவே.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடைந்தது. யோங் பெங் அதில் ஓர் இறங்குமிடம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் நின்று போகும் ஊர். சுற்றிலும் செம்பனை. ஜொகூரின் இளைஞர்கள் இப்போது சிங்கப்பூர் வெள்ளியைத் தேடித் தாம்போதியைக் கடக்கிறார்கள். அந்த வேட்டையில் ஜொகூர் பாருவின் மனைவிலை ஏறுவதையும், ஏறிய விலைக்கு வாங்க முடிந்தவர் யார் என்பதையும் இதே அளவுகோலால் அளக்கலாம்.

அளக்கச் சான்று வேண்டும். தோட்டக் கிராணிகள் எழுதிய பெரட்டுப் புத்தகங்கள், கோயில் திருவிழாக் கணக்குகள், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடுகள், லயம் இடிக்கப்பட்டபோது கொடுக்கப்பட்ட இழப்பீட்டுத் தாள்கள் ஆகியவை இன்றும் பத்து பகாட், குளுவாங், சிகாமட் வட்டார வீடுகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் கரையானுக்கு விடாமல், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்திலோ பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலோ படியெடுக்கக் கொடுக்க வேண்டும். குடிமதிப்பு எண்களுக்கு முகம் தரக்கூடிய ஆவணம் வேறு எதுவும் நம்மிடம் இல்லை.