காலியாக விட்ட வரி

2012 ஏப்ரல். மறையூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நாள் பகல் முகாம் போட்டிருந்தார்கள். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் பெரியவர்களும் காலையில் வருவார்கள், மதியம் அங்கேயே சாப்பிடுவார்கள், மூன்று மணிக்கு ஜீப்பில் வீடு திரும்புவார்கள். நான் அப்போது உடுமலையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. லீவுக்குக் காந்தலூர் வந்திருந்தேன். "சும்மாதானே இருக்கே, வந்து கூடமாட நில்லு" என்று அங்கன்வாடி அக்கா கூட்டிக்கொண்டு போனார். போனதும் 'வாலண்டியர்' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்கள்.

முதல் நாள் வேலை, வந்தவர்களின் வீட்டாரிடம் கேட்டுப் படிவம் நிரப்புவது. பெயர், வயது, என்ன மாத்திரை, வலிப்பு வருமா, தானே கக்கூஸ் போவாரா. கடைசி வரி, பிடித்த விளையாட்டு. அதுவரை மடமடவென்று பதில் சொல்லிவந்த அம்மாக்கள் அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். "வேலை சொன்னா செய்வான் கண்ணு. தண்ணி எடுப்பான், ஆடு பத்துவான். விளையாட்டுன்னா என்னத்தச் சொல்ல?" என்றார் ஒருவர். அவருடைய மகனுக்கு வயது 31. அந்த வரியைக் காலியாக விட்டேன். அன்று நான் எழுதிய 22 படிவங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

அந்தக் காலி வரிக்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் வீட்டிலேயே உண்டு.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊரும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாம் என்பது பாட்டன்மார் சொல்லிவந்த கதை. இருப்பது கேரளம், வீட்டில் பேசுவது தமிழ், சாமான் வாங்க இறங்குவது உடுமலை. மேட்டில் பூண்டு, பள்ளத்தில் கரும்பு. இரண்டுமே ஆள் பிடிக்கும் வெள்ளாமை. பூண்டைப் பிடுங்கி, மண் உதிர்த்து, காயவைத்து, தாளோடு சேர்த்துக் கட்ட வேண்டும். விதைக்கு எடுத்ததை அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவோம். கரும்பாலையில் சாறு கொதிக்கும் கொப்பரைக்குக் கீழே காய்ந்த சக்கையை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா கிடக்கும் கை என்று ஒன்றை ஊர் விட்டுவைக்காது.

என் சின்னச் சித்தப்பா அந்த அடுப்படியில்தான் வாழ்ந்தார். நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு வராது. நூறு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சக்கையை எப்போது தள்ளுவது, எப்போது நிறுத்துவது என்று பாகு காய்ச்சுகிறவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அவரை யாரும் கட்டிப்போடவில்லை, துரத்தவும் இல்லை. எந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் ஒரு தட்டுச் சோறு வந்துவிடும். கூலி மட்டும் வராது. ஆலைக்காரர் சாயங்காலம் ஒரு உருண்டை வெல்லம் கையில் வைப்பார், அவ்வளவுதான். சித்தப்பாவுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. ஊர் கூப்பிட்டது வேறு பெயர். அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

பழைய ஊர்வழக்கத்தை மெச்சுகிறவர்கள் அந்தச் சோற்றைச் சொல்வார்கள். பழிக்கிறவர்கள் அந்தப் பட்டப்பெயரைச் சொல்வார்கள். இரண்டும் நிஜம். ஆனால் உனக்கு என்ன பிடிக்கும் என்று அவரை யாரும் கேட்டதில்லை என்பதை இரண்டு தரப்பும் சொல்வதில்லை.

டவுனில் கதை வேறு மாதிரி. அங்கே தள்ளுவதற்குச் சக்கையும் இல்லை, பத்துவதற்கு ஆடும் இல்லை. சித்தப்பாவைப் போன்றவர்களுக்குப் பல வீடுகளில் உள் அறைதான் கதி. இவர்களுக்கென்று பள்ளி வேண்டும் என்று முதலில் முனைந்தவர்கள் தனி மனிதர்கள். பம்பாயில் ஜெய் வக்கீல் பள்ளி 1944இல் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் 1953இல் பால விஹார் வந்தது. பள்ளி வந்தது பெரிய காரியம். ஆனால் பள்ளிக்கும் ஆலைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு இடத்திலும் சொன்னதைச் செய்தால்தான் நல்ல பிள்ளை.

விளையாட்டு என்ற எண்ணம் தனியாக வளர்ந்தது. கடல் தாண்டி, ஒரு வீட்டுத் தோட்டத்தில் அதற்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைத்தது. அமெரிக்காவில், குழந்தையை விடுதியில் சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள் என்று டாக்டர்களே பெற்றோருக்குச் சொல்லிவந்த காலம். ஜனாதிபதி கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். இவர்களுடைய சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவு வளர்ச்சிக் குறை இருந்தது. 1941இல், அவருடைய 23ஆம் வயதில், மூளையில் செய்த அறுவை சிகிச்சை அவரிடம் இருந்த பேச்சையும் நடையையும்கூடப் பெருமளவு பறித்துவிட்டது. 1962 ஜூனில் யூனிஸ், மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பகல் முகாம் தொடங்கினார். வந்தவர்கள் 34 பிள்ளைகள். கூட நின்றவர்கள் 26 பேர், பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள். நீச்சல், பந்து, குதிரையேற்றம். சாயங்காலம் வீடு.

அந்தக் கணக்கைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஆளுக்கு ஆள். முப்பது பேருக்கு ஒரு வாத்தியார் என்றால் எல்லாரையும் வரிசையில் உட்கார வைக்கத்தான் முடியும். பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்கலாம், குதிரை மேல் ஏறலாம். 'வாலண்டியர்' என்ற அட்டைக்கு அர்த்தம் இந்தக் கணக்குதான். அந்த முகாம்கள் வளர்ந்து 1968 ஜூலை 20 அன்று சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஆனது. அடுத்த வருடம், காந்தி நூற்றாண்டில், நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் லீவில் போய் முகாம் போடுவது இங்கேயும் வழக்கமானது. அதற்கு முன் ஊரில் அந்தக் காரியத்துக்குப் பெயர் ஒத்தாசை.

எங்கள் மலைக்கு மாற்றம் மூணாறு வழியாக வந்தது. 1991இல் ரத்னா கிருஷ்ணகுமார் அங்கே 'ஸ்ருஷ்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக 'டேர்' என்ற பள்ளி. படித்து வளர்ந்தவர்களுக்குத் தொழில். 'அதுல்யா'வில் கையால் காகிதம் செய்தார்கள், 'ஆரண்யா'வில் இலை, பட்டை, தேயிலைக் கழிவு இவற்றிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றினார்கள். மறையூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில், சித்தப்பாவைப் போன்றவர்கள் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று கேட்டபோது அப்பா நம்பவில்லை. 2004இல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் கேரள அரசின் குடும்பஸ்ரீ இயக்கத்தின் முதல் 'பட்ஸ்' பள்ளி இவர்களைப் போன்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பஞ்சாயத்தே இவர்களுக்குப் பள்ளி நடத்தலாம் என்பது அதன் பிறகு கேரளமெங்கும் பரவியது.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஊனத்தின் வகை 7. 2016 சட்டத்தில் 21. நடுவில், 2007இல், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது. கல்வி, வேலை போலவே ஓய்வும் விளையாட்டும் இவர்களுக்கு உரிமை என்று அதன் 30ஆவது பிரிவு சொல்கிறது. என் படிவத்தின் கடைசி வரி சட்டமாகவே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் எனக்கு இதெல்லாம் தெரியாது. முதல் நாள் மதியம் அந்த 31 வயது அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனேன். பெரிய சேவை செய்கிற நினைப்பு. அனுபவப்பட்ட டீச்சர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவருக்குக் கை இருக்கு. நீ தண்ணி ஊத்திக் குடு, போதும்." அந்த அண்ணன் இருபது நிமிடம் எடுத்துத் தானே சாப்பிட்டார். பாதி கீழே சிந்தியது. சிந்தியதைத் தானே கூட்டி அள்ளினார்.

பழைய புடவைகளைச் சேர்த்துத் தைத்த பெரிய துணி ஒன்று வைத்திருந்தோம். எல்லாரும் சுற்றி நின்று விளிம்பைப் பிடித்து, நடுவில் போட்ட பந்தைத் துள்ள வைப்பது ஆட்டம். பத்து வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி விசில் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து விசிலை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினோம். அண்ணனுக்குத் துணியாட்டம் பிடிக்கவில்லை. பந்தும் பிடிக்கவில்லை. "தண்ணி எடுக்கட்டா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறாவது நாள் மைதானத்து மூலையில் கிடந்த பழைய சைக்கிள் டயரை அவரே எடுத்துச் சரிவில் விட்டார். அது உருண்டு போய் வேலியில் முட்டியது. ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடி விட்டார். மூன்று மணிக்கு ஜீப் வந்த பிறகும் ஏற மறுத்தார். கடைசி நாள் அவருடைய படிவத்தில் எழுதினேன்: டயர் உருட்டுவது, இறக்கத்தில் மட்டும். அவருடைய அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இது எனக்குத் தெரியாதே கண்ணு" என்றார்.

வேலை கொடுப்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. கூலி கொடுப்பதையும் மூணாறு செய்து காட்டியது. ஒருவருக்கு என்ன பிடிக்கிறது என்று தெரிய ஆறு நாள் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஆறு நாளும் எந்தச் சட்டமும் பக்கத்தில் வந்து நிற்காது. ஆள்தான் நிற்க வேண்டும்.

முகாம் முடிந்த ராத்திரி, 2003இல் போய்ச் சேர்ந்த சித்தப்பாவுக்கு மனசுக்குள் ஒரு படிவம் எழுதிப் பார்த்தேன். எல்லா வரியும் எழுத வந்தது, கடைசி வரி தவிர. ஆலை ஓடாத நாட்களில் அவர் எங்கள் பள்ளிக்கூட மைதானத்து ஓரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். பந்து எல்லை தாண்டி உருண்டு வந்தால் எழுந்து ஓடி எடுத்து எறிவார். "சித்தப்பா, பந்து!" என்று நாங்கள் கத்துவோம். பந்து பொறுக்கிப் போடுவது அவர் வேலை என்றுதான் நினைத்திருந்தோம்.