தாராவித் தோல் வணிகம்

மும்பை தாராவியில் தோல் பதனிடுதலில் தொடங்கி, பை, பெல்ட், பர்ஸ், ஜாக்கெட் தைத்து விற்பதாக மாறிய வணிகம்.

மாகிம் கழிமுகத்தை ஒட்டிய இவ்விடம் முன்னர் கோலி மீனவர் குடியிருப்பு.

முதல் பதனிடும் ஆலை 1887இல் எழுந்ததாகப் பொதுவாகச் சொல்வர். சில நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. திருநெல்வேலிச் சீமைத் தமிழ் முஸ்லிம்கள் ஆலை வைத்தனர்; அவற்றில் உழைத்தவருள் பெரும்பகுதியினர் தமிழ் ஆதி திராவிடர். நாற்றத் தொழில் என்று நகரம் தள்ளியதால் ஆலைகள் இங்கு வந்தனவா, பாந்திரா இறைச்சிக்கூடம் அருகிலிருந்ததால் வந்தனவா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்திருக்கலாம்.

பச்சைத் தோல் விரைவில் அழுகும். உரித்தவுடன் உப்பிட வேண்டும். தாமதித்தால் விலை விழும். பின் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சவ்வு வழிப்பர். தமிழ்நாட்டுப் பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலை மெல்ல மெல்லப் பதப்படுத்தின. குரோமிய உப்பு வந்தபின் நாட்கள் சுருங்கின. பச்சை ஆட்டுத்தோல் எண்ணிக்கையில் விலைபோகும். மெருகேறிய தோலுக்குச் சதுர அடிக் கணக்கு. தைக்கும் பட்டறையில் அக்கணக்கும் போதாது. கத்திக் கீறலையும் உண்ணித் தழும்பையும் ஒதுக்கி, ஒரு தோலில் எத்தனை துண்டு எடுக்கலாம் என்று வெட்டுபவரின் கண் தீர்மானிக்கிறது. இலாபம் பெரும்பாலும் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. இழிவென்று சாதிச் சமூகம் ஒதுக்கிய உழைப்பே ஒவ்வொரு படியிலும் தோலின் மதிப்பைக் கூட்டியது. கூடிய மதிப்பில் உழைத்தவர் பங்கு சிறிது.

பாந்திரா இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறியது. பின்னர் பதனிடும் ஆலைகளும் படிப்படியாகத் தாராவியை விட்டு அகன்றன. சென்னை உள்ளிட்ட ஊர்களிலிருந்து பதனிட்ட தோல் வரத் தொடங்கியது; வெட்டும் தையலும் விற்பனையும் இங்கே தங்கின. சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில் கடைகள் வரிசைகட்டின. இங்குத் தைத்த பொருள்களில் கணிசமானவை வேறு நிறுவனங்களின் பெயர் தாங்கி விலைபோயின.

2015 மார்ச்சில் மகாராட்டிரத்தில் பசுவதைத் தடை காளை, எருதுகளுக்கும் நீண்டது. 2016 நவம்பர் பணமதிப்பு நீக்கம் ரொக்கத்தில் ஓடிய பட்டறைகளை நெருக்கியது. 2020இல் ஊரடங்கு. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் முந்தியது. அத்திட்டத்தில் வாடகைப் பட்டறைகளுக்கும் மேல்தளப் பட்டறைகளுக்கும் எவ்வளவு இடம் என்பது விவாதத்தில் உள்ளது.